மூட்டையில 28-ன்னு போட்டிருந்தா போதுமா?

கெளுத்திக் குட்டை வெச்சிருக்கிற தம்பி தங்கச்சிங்க யார் கூப்பிட்டாலும் முதல்ல கேக்கிறது ஒண்ணுதான். "அக்கா, எத்தனை சதவீதம் புரோட்டீன் போடலாம்?" தீவனக் கடைக்காரரும் அதையே பிடிச்சுக்கிட்டு 24-க்கு ஒரு விலை, 28-க்கு ஒரு விலை, 32-க்கு ஒரு விலைன்னு அடுக்கி வெச்சிருக்கார். நம்பர் ஏற ஏற தீவனம் ஒசத்தின்னு எல்லாரும் நம்பிட்டாங்க. ஆனா அது பாதிக் கதைதான் கண்ணு. மீதிப் பாதியை மூட்டையில பெரும்பாலும் அச்சடிக்கறதே இல்ல. அந்தப் புரோட்டீனோட எவ்வளவு எரிசக்தி சேர்ந்து வயித்துக்குள்ள போகுதுங்கறதுதான் அது. ரெண்டும் பொருந்தலைன்னா 32 போட்டாலும் காசு தண்ணியிலதான்.

நான் பேசப்போறது பங்காசியஸ் பத்தி. ஓட்டல்ல பாசான்னு தட்டுல வருதே, அதேதான். மீகாங் ஆத்து மீன் இது. தொண்ணூறுகள்ல வங்காளதேசம் வழியா மேற்கு வங்கத்துக்கு வந்து, அங்கிருந்து ஆந்திராவுக்குப் போய், கிருஷ்ணா, கோதாவரி மாவட்டத்துக் குளமெல்லாம் பரவி, அப்புறம் நம்ம பண்ணைக் குட்டைக்கும் வந்து சேர்ந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வெச்சிருக்கேன், அதுக்கு டிப்ஸ் சொல்லுன்னு கேக்காத. அதை வளர்க்கவே தடை இருக்கு. அதிகாரிங்க வந்து குட்டையோட அழிச்சுட்டுப் போவாங்க. பங்காசியஸ் விடறதுக்கும் மீன்வளத் துறையில அனுமதி வாங்கிக்கோ, பின்னாடி தலைவலி வேண்டாம்.

மீன் எதுக்காகச் சாப்பிடுது

கெளுத்திக்கு வயிறு நிறைஞ்சதுன்னு தெரியறது பெரும்பாலும் எரிசக்தியை வெச்சுத்தான். அன்னைக்கு வேண்டிய கலோரி உள்ள போயிடுச்சுன்னா வாயை மூடிக்கும். புரோட்டீன் போதுமான அளவு வந்துச்சா இல்லையான்னு அது கணக்குப் பாக்காது. இந்த ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டா மீதியெல்லாம் தானா விளங்கிடும்.

தீவனத்துல எண்ணெயும் மாவும் தேவைக்கு மேல இருந்தா என்ன ஆகும்? கொஞ்சம் சாப்பிட்டதுமே கலோரி நிறைஞ்சிடும். மீன் ஒதுங்கிடும். ஆனா சதை வைக்கறதுக்கு வேண்டிய புரோட்டீன் அந்தக் கொஞ்சத்துல வந்திருக்காது. மிச்சமாகிற கலோரி கொழுப்பா மாறி குடலைச் சுத்தி உக்காந்துக்கும். மீன் பாக்க கொழுகொழுன்னு இருக்கும், நீளம் ஓடாது.

இதுக்கு நேர்மாறா, புரோட்டீன் நிறைய, எரிசக்தி கம்மின்னு வெச்சுக்கோ. நீந்தறதுக்கும் மூச்சுவிடறதுக்கும் எதையாவது எரிச்சாகணுமே. கைக்குக் கிடைக்கிற புரோட்டீனையே எடுத்து எரிச்சுடும். தேக்குப் பலகையை உடைச்சு அடுப்புக்கு வைக்கிற கதைதான். தீவனத்துலயே விலை கூடின சரக்கு புரோட்டீன்தான். அதை எரிச்சா நமக்குக் கிடைக்கிறது சாம்பல்கூட இல்ல, அம்மோனியா. செவுள் வழியா நேரா உன் குட்டைத் தண்ணியிலயே கலந்துடும்.

மீனுக்கு உடம்பைச் சூடா வெச்சுக்க வேண்டிய வேலை இல்ல. தண்ணி தாங்கறதால நிக்கறதுக்கும் பெருசா தெம்பு வேண்டாம். கழிவு நைட்ரஜனைக் கோழி யூரிக் அமிலமா மாத்தறதுக்கும் மாடு யூரியாவா மாத்தறதுக்கும் கொஞ்சம் சக்தி செலவழிக்குது. மீனுக்கு அந்தச் செலவும் மிச்சம். அதனாலதான் மீனுக்குக் கோழியைவிட புரோட்டீன் அதிகம் வேணும்னு ஊர்ல பேசிக்கிறாங்க. சரியாச் சொன்னா, ஒரு கிலோ எடை ஏத்தறதுக்கு வேண்டிய புரோட்டீன் ரெண்டுக்கும் அப்படி ஒண்ணும் மலைக்கும் மடுவுக்குமா வித்தியாசப்படாது. எரிசக்திதான் மீனுக்குக் கம்மியாப் போதும். அதனால தீவனத்துல புரோட்டீன் பங்கு கூடித் தெரியுது.

வகுத்துப் பாக்க வேண்டிய நம்பர்

அமெரிக்காவுல மிசிசிப்பி, அலபாமா, ஆர்கன்சா பக்கம் சேனல் கெளுத்தின்னு ஒரு வகை பல வருஷமா பெரிய அளவுல வளர்க்கறாங்க. கெளுத்தித் தீவனத்தைப் பத்தி உலகத்துலயே அதிகமா ஆராய்ச்சி நடந்தது அங்கதான். அவங்க கையில இருக்கிற அளவுகோல் இது: ஒரு கிராம் புரோட்டீனுக்கு, செரிக்கக்கூடிய எரிசக்தி 8.5-ல இருந்து 9.5 கிலோ கலோரி. குட்டையில விட்டு வளர்க்கிற மீனுக்கு அவங்க போடறது 28-ல இருந்து 32 சதவீதத் தீவனம். பங்காசியஸ் வேற வகைதான், ஆனா அதுவும் எல்லாத்தையும் தின்னுற கெளுத்திதான். இந்த அளவுகோலைக் கையில வெச்சுக்கிட்டு உன் குட்டை சொல்றதைக் கேட்டு அப்படி இப்படித் திருத்திக்கலாம்.

மூட்டையில எரிசக்தி போடலைன்னா எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒரு தோராயக் கணக்கு சொல்றேன், நோட்டுல எழுதிக்கோ. லேபிள்ல இருக்கிற புரோட்டீன் சதவீதத்தை 40-ஆல பெருக்கு. கொழுப்புச் சதவீதத்தை 85-ஆல பெருக்கு. அப்புறம் 100-ல இருந்து புரோட்டீன், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் எல்லாத்தையும் கழிச்சா மிஞ்சறது மாவுச்சத்து. அதை 25-ஆல பெருக்கு. மூணையும் கூட்டினா ஒரு கிலோ தீவனத்துல இருக்கிற கிலோ கலோரி வந்துடும். அதை ஒரு கிலோவுல இருக்கிற புரோட்டீன் கிராமால வகுத்துடு.

28 புரோட்டீன், 4 கொழுப்பு, 7 நார், 11 ஈரம், 10 சாம்பல்னு ஒரு மூட்டை இருக்குன்னு வை. மாவு 40. கணக்குப் போட்டா 1120, 340, 1000. மொத்தம் 2460. ஒரு கிலோவுல புரோட்டீன் 280 கிராம். வகுத்தா 8.8 வரும். இது சரியான மூட்டை. மிதவைத் தீவனத்துல மாவு நல்லா வெந்து பொரிஞ்சிருக்கும். வெந்த மாவு கூடுதலா செரிக்கும், அதனால நிஜத்துல இதைவிட ஒரு அரைப்புள்ளி ஏறி நிக்கலாம். அதையும் மனசுல வெச்சுக்கிட்டு, 9.5-ஐ ஒட்டி வர்ற மூட்டையைக் கொஞ்சம் யோசிச்சு வாங்கு.

கோழித் தீவனம் எதுக்கு ஆகாது

நான் நாமக்கல் பக்கத்துல வாக்கப்பட்டவ. இங்க வீட்டுக்கு வீடு கோழிப்பண்ணை. கோழித் தீவனம் கையெட்டற தூரத்துல, மீன் தீவனத்தைவிட மலிவா கிடைக்கும். அதனால "கோழி தின்னா மீன் திங்காதா"ன்னு அள்ளி வீசறவங்க நிறைய. மீன் திங்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா கறிக்கோழித் தீவனத்துல புரோட்டீன் சுமார் 20, எரிசக்தி சுமார் 3000. வகுத்துப் பாரு, 15 வருது. முட்டைக்கோழித் தீவனத்தையும் போட்டுப் பாரு, அதுவும் 15-ஐ ஒட்டித்தான். நமக்கு வேண்டியது 9. கோழிக் கணக்கும் மீன் கணக்கும் அளக்கிற விதத்துல கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், ஆனா 15-க்கும் 9-க்கும் நடுவுல இருக்கிற பள்ளத்தை அது மூடாது. முட்டைக்கோழித் தீவனத்துல சுண்ணாம்புச் சத்து வேற மீனுக்குத் தேவையே இல்லாத அளவுக்குக் கொட்டிக் கிடக்கும். தூளா இருக்கிறது தண்ணியில கரைஞ்சு பாசியா கிளம்பறது இன்னொரு பக்கம்.

கல்யாண மண்டபத்துச் சோறு இதைவிட மோசம். காயவெச்சுக் கணக்குப் பாத்தா சோத்துல புரோட்டீன் 7 சதவீதம்தான், மீதி கிட்டத்தட்ட எல்லாமே மாவு. நம்ம வகுத்தல்ல 35-க்கு மேல போயிடும். எப்பவாவது ஒரு குண்டான் கொட்டினா குட்டை முழுகிடாது. அதையே தீவனம்னு நம்பி வளர்த்தா தொப்பைதான் வளரும்.

மாட்டுத் தீவனத்துல வேற ஒரு சிக்கல். அதுல யூரியா சேர்க்க இடமுண்டு. மாட்டோட முதல் வயித்துல இருக்கிற நுண்ணுயிர் யூரியாவைப் புரோட்டீனா மாத்திக்கும். கெளுத்திக்கு அந்த வயிறு ஏது? ஆக, மூட்டையில 20-ன்னு எழுதியிருந்தாலும் மீனுக்கு அத்தனையும் போய்ச் சேராது.

கோழிக் குடல், கழிவு பத்தி ஒரே வார்த்தை. போடாத. அதுல கொழுப்பு அதிகம், நோய்க்கிருமி அதைவிட அதிகம், அக்கம்பக்கத்துல புகார் போனா பதில் சொல்லவும் முடியாது.

வீட்டுல கலக்கறவங்களுக்கு

விலை ஏறிப்போச்சுன்னு சொந்தமா கலந்து மெஷின்ல பிழியறவங்க இருக்காங்க. தப்பில்ல. ஆனா புரோட்டீனுக்கு மட்டும் கணக்குப் போட்டுட்டு நிறுத்திடறாங்க. அங்கதான் இடிக்குது. ஒரே 28-ஐ எப்படி மூணு விதமாக் கலக்கலாம்னு காட்டறேன், பாரு.

சோயா புண்ணாக்கு, அதாவது எண்ணெய் எடுத்த டிஓசி, அதுல புரோட்டீன் 46-ன்னு வெச்சுக்குவோம். ரைஸ்மில்லுல இருந்து நேரா வர்ற பச்சைத் தவிட்டுல 12. இந்த ரெண்டை மட்டும் வெச்சு 28 வரணும்னா, 47 கிலோ சோயா, 53 கிலோ தவிடு. புரோட்டீன் கணக்கு கச்சிதமா வந்துடும். ஆனா பச்சைத் தவிட்டுல 15 சதவீதத்துக்கு மேல எண்ணெய் இருக்கும். 53 கிலோவுல 8 கிலோ எண்ணெய் உள்ள வந்துடுச்சு. நம்ம வகுத்தல்ல இது 9.9-ஐத் தொடும். மீன் கொழுக்கும்.

சரி, எண்ணெய் வேண்டாம்னு பச்சைத் தவிட்டுக்குப் பதிலா எண்ணெய் எடுத்த தவிட்டை எடுத்துக்கறே. அதுல புரோட்டீன் சுமார் 15. இப்ப 42 கிலோ சோயா, 58 கிலோ தவிடு. மறுபடியும் அதே 28. ஆனா எண்ணெய் ஒரு சதவீதம்கூடத் தேறாது, நார் கூடிப்போச்சு. வகுத்தா 8-தான் வருது. இப்ப மீன் புரோட்டீனை எரிக்கும். தண்ணி கெடும், எடை ஏறாது, நீ தீவனம் சரியில்லன்னு கடைக்காரரோட சண்டைக்குப் போவே.

ரெண்டு தவிட்டையும் கலந்து போடு. 44 கிலோ சோயா, 26 கிலோ பச்சைத் தவிடு, 28 கிலோ எண்ணெய் எடுத்த தவிடு, 2 கிலோ மினரல், வைட்டமின் கலவை. புரோட்டீன் 27.5 வரும், எண்ணெய் 4.5-ஐ ஒட்டி நிக்கும், வகுத்தா 9-க்குப் பக்கத்துல. மூணு கலவையிலயும் புரோட்டீன் ஏறக்குறைய ஒண்ணுதான், மூணும் மீன் உடம்புக்குள்ள போய் செய்யற வேலை வேற வேற.

சோயாவை முழுசா நம்பியிருக்கிறதால மெத்தியோனின் கொஞ்சம் குறையும். சோயாவுல அஞ்சாறு கிலோவைக் குறைச்சுட்டு நல்ல மீன்தூள் போட்டா அதுவும் சரியாகும், வாசனைக்கு மீனும் சீக்கிரம் மேல வரும். சோயா வறுபட்ட சரக்கா இருக்கணும். பச்சை சோயாவுல செரிமானத்தைத் தடுக்கிற ஒரு சத்து இருக்கு, சூடு பட்டாத்தான் அது சாகும். பயிறு மாதிரி பச்சையா அரைச்சு வந்துடாத.

கடலைப் புண்ணாக்கு நம்ம ஊர்ல தாராளமா கிடைக்கும், புரோட்டீனும் 40-க்கு மேல. ஆனா லைசின் கம்மி. கெளுத்திக்கு முதல்ல பத்தாமப் போறது லைசின்தான். சதை கட்டறதுக்கு வேண்டிய அமினோ அமிலத்துல ஒண்ணு குறைஞ்சாலும் மீதி இருக்கிறதெல்லாம் வீணா எரியத்தான் போகும். அதனால புரோட்டீன் கணக்குச் சரியா இருந்தும் எரிசக்திக் கதையிலயே வந்து மாட்டிப்பே. சோயாவோட சேத்து 10 கிலோ வரைக்கும் கடலைப் புண்ணாக்கு போடு, சோயாவுக்குப் பதிலா முழுசா போடாத. பருத்திக்கொட்டைப் புண்ணாக்குலயும் லைசின் குறைவு, காஸிபால்னு ஒரு நஞ்சு வேற. கொஞ்சமாவே வெச்சுக்கோ. எள்ளுப் புண்ணாக்குல மெத்தியோனின் நல்லா இருக்கும், விலைதான் கட்டுப்படியாகாது.

ஐப்பசி, கார்த்திகையில கடலைப் புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் முகர்ந்து பாக்காம வாங்காதே. மக்கின வாசனை வந்தா அஃப்ளடாக்சின் பூஞ்சை நஞ்சு இருக்குன்னு சந்தேகப்படு. பச்சைத் தவிட்டுக்கு வேற வியாதி: மில்லுல இருந்து வெளிய வந்த நாள்ல இருந்தே எண்ணெய் கெட ஆரம்பிச்சுடும். நாக்குல வெச்சா கசந்து காறல் அடிக்குதுன்னா அதுல சக்தியும் போச்சு, வைட்டமின் ஈயும் போச்சு. மாசக்கணக்குல அடுக்கி வைக்கிற சரக்கு இல்ல அது. வாராவாரம் வாங்கு.

லேபிளை நம்பறதுக்கு முன்னாடி

மூட்டையில போட்டிருக்கிறது கச்சாப் புரோட்டீன். ஆய்வுக்கூடத்துல நைட்ரஜனை அளந்து அதை 6.25-ஆல பெருக்கிச் சொல்ற கணக்கு அது. நைட்ரஜன் சோயாவுல இருந்து வந்துச்சா, யூரியாவுல இருந்து வந்துச்சான்னு அந்தக் கணக்குக்குத் தெரியாது. தவிட்டுலயும் புண்ணாக்குலயும் யூரியா கலப்படம் நடக்கறதுக்குக் காரணம் இதுதான். மொத்தமா லோடு எடுக்கறவங்க, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில தீவன ஆய்வுக்கூடம் இருக்கு, அங்க ஒரு சாம்பிள் கொடுத்து புரோட்டீன், கொழுப்பு, நார், சாம்பல், கூடவே யூரியா, அஃப்ளடாக்சின் எல்லாத்தையும் பாக்கச் சொல்லு. கொடுக்கிற கட்டணம் ஒரே லோடுல திரும்பி வந்துடும்.

மீன்தூளுக்கு ஆய்வுக்கூடம் போறதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒரு சோதனை. கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி ஒரு கைப்பிடி தூளைப் போட்டு நல்லா கலக்கி விட்டுட்டு அஞ்சு நிமிஷம் அப்படியே வை. மீன் சதை மெதுவா இறங்கும். அடியில சட்டுனு படிஞ்சு, விரல்ல நெருடினா நறநறன்னு வர்றது மணல். களத்துல காயவைக்கிறப்ப ஒட்டினதும் இருக்கும், எடைக்காகச் சேத்ததும் இருக்கும். மேல நிக்கிற தண்ணியை நுனி நாக்குல தொட்டுப் பாரு, உப்புக் கரிச்சா கருவாட்டு மிச்சத்தை அரைச்சிருக்காங்கன்னு அர்த்தம். "60 புரோட்டீன்"னு சொல்லி விக்கிற தூள்ல கால்வாசி மணலும் உப்புமா இருந்தா மீதிக் கணக்கு எப்படி நிக்கும்?

வயசுக்கு ஏத்த அளவு

குஞ்சுக்கு வேற, பெருசுக்கு வேற. பொடிக் குஞ்சுக்கு 40 சதவீதத் தூள் தீவனம் வேணும். விரலி அளவு வந்ததும் 32, 35. கால் கிலோ தாண்டினதும் 28. முக்கால் கிலோவுக்கு மேல 24, 26-லயே ஓட்டலாம்.

ஆனா இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. மீனுக்கு வேண்டியது சதவீதம் இல்ல, ஒரு நாளைக்கு இத்தனை கிராம்னு ஒரு அளவு. 100 கிலோ மீனுக்கு 24 சதவீதத் தீவனத்தை 2 கிலோ போட்டா 480 கிராம் புரோட்டீன். 32 சதவீதத்தை ஒன்றரைக் கிலோ போட்டாலும் அதே 480 கிராம்தான். வயிறு நிறையப் போட முடிஞ்ச குட்டைக்குச் சதவீதம் கம்மியான தீவனம் தாங்கும். ஆக்சிஜன் பத்தாம, கரன்ட் நிலையா இல்லாம, அளந்து அளந்துதான் போட முடியுதுன்னா சதவீதம் கூடின தீவனம்தான் சரி. பக்கத்துக் குட்டைக்காரர் 24 போட்டு நல்லா எடுத்தார்னு பாத்து நீயும் மாத்தறதுக்கு முன்னாடி, அவர் எத்தனை கிலோ போட்டார்னு கேளு.

கைப்பிடியில இருக்கு மீதிப் பாதி

தீவனம் சரியா இருந்தாலும் போடற விதத்துல கெடுத்துடலாம். சின்ன மீனுக்கு உடல் எடையில 5 சதவீதத்துல ஆரம்பிச்சு, பெருசு ஆக ஆகக் குறைச்சு, அரைக்கிலோவுல 2, ஒரு கிலோவுல ஒன்றுல இருந்து ஒன்றரை வரைக்கும் வந்தா போதும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வீச்சு வலை போட்டு எடை பாத்து அளவை மாத்து. நோட்டுல எழுதாம மனசுல வெச்சுக்கறேன்னு சொல்றவங்க குட்டையில எஃப்சிஆர், அதாவது ஒரு கிலோ மீன் ஏத்த ஆகிற தீவனம், எப்பவும் கூடித்தான் இருக்கும்.

மிதவைத் தீவனத்தோட பெரிய லாபம், மீன் சாப்பிடறது கண்ணுக்குத் தெரியறதுதான். முதல் அஞ்சு நிமிஷம் தண்ணி கொதிக்கிற மாதிரி அடிச்சுக்கிட்டு வரும். அப்புறம் ஒண்ணொண்ணா வந்து வாய்க்குள்ள இழுத்துட்டுப் போகும். அப்பவே கையை நிறுத்து. முழு வயிறு நிறையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நிறுத்தறதுதான் கணக்கு. இருபது இருபத்தஞ்சு நிமிஷம் கழிச்சும் உருண்டை மிதந்தா அது நாளைக்குக் குறைக்க வேண்டிய அளவு.

நாலு நாளா சாப்பிடற வேகம் குறைஞ்சா உடனே மருந்துக் கடைக்கு ஓடாதே. முதல்ல தண்ணியைப் பாரு, அப்புறம் சமீபத்துல மூட்டை மாத்தினியான்னு யோசி. புது மூட்டையில எண்ணெய் கூடியிருந்தாலும் மீன் சீக்கிரமே ஒதுங்கிடும். அதை நோய்னு நினைச்சு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டவங்க இருக்காங்க. பாவம், மீனுக்கு வயிறு நிறைஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

அம்மோனியாவுக்கு ஒரு கணக்கு இருக்கு. போட்ட தீவனம், அதுல புரோட்டீன் பங்கு, ரெண்டையும் பெருக்கி 0.092-ஆல பெருக்கணும். 30 சதவீதத் தீவனம் 100 கிலோ போட்டா சுமார் 2.75 கிலோ அம்மோனியா நைட்ரஜன் தண்ணிக்குள்ள போகுது. தேவைக்கு மேல புரோட்டீன் போட்டா இது இன்னும் ஏறும். பங்காசியஸ் மேல வந்து காத்தைக் குடிச்சு மூச்சுவிடும்கறதால ஆக்சிஜன் குறைஞ்சாலும் செத்து மிதக்காது, அதை நம்பி தண்ணி நல்லா இருக்குன்னு ஏமாந்துடாத. சாகாம இருக்கிறது வேற, தின்னு வளர்றது வேற. அம்மோனியா ஏறின தண்ணியில மீன் கம்மியாச் சாப்பிடும், சாப்பிட்டதையும் ஒழுங்கா சதையாக்காது.

மார்கழி, தையில தண்ணி குளிர்ந்துடும். மீகாங் பக்கத்துச் சூட்டுக்குப் பழகின மீன் இது, குளிர் ஆகாது. காலையில போடாதே, பதினோரு மணிக்கு மேல வெயில் ஏறினதும் ஒரே வேளை போடு. "குளிர்காலம், தெம்புக்கு எண்ணெய் கலந்து போடலாம்"னு ஒரு யோசனை சுத்திக்கிட்டு இருக்கு. நமக்குத்தான் குளிர்ல சூட்டுக்குக் கலோரி கூட வேணும். மீனோட உடம்பு தண்ணியோட சேர்ந்தே குளிர்ந்து போறதால அதுக்கு எரிசக்தி குறைவாத்தான் வேணும். எண்ணெய் முழுக்க வயித்துல கொழுப்பாத்தான் சேரும்.

ஒரு மீனை அறுத்துப் பாரு

மாசம் ஒரு தடவை, வீட்டுக் குழம்புக்கு எடுக்கிற மீனை நீயே அறு. கடையில கொடுத்து வெட்டி வாங்காதே. அடிவயித்தைக் கீறி விரிச்சா குடலைச் சுத்தி வெள்ளையா, சில சமயம் மஞ்சளா ஒரு கொழுப்பு இருக்கும். பங்காசியஸ் இயல்பாவே கொஞ்சம் கொழுப்பு வைக்கிற ஜாதி, அதனால கொழுப்பே இருக்கக் கூடாதுன்னு சொல்லல. குடல் தெரியணும். குடலையே தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி கொழுப்பு மூடியிருந்தா தீவனத்துல எரிசக்தி கூடிப்போச்சு, இல்ல நீ அளவுக்கு மேல போடறே. கல்லீரலையும் பாரு. நல்ல சிவப்பா, பழுப்பா இருக்கணும். வெளிறி, தொட்டா கையில பிசுபிசுன்னு ஒட்டினா அதுவும் அதே செய்திதான். இந்த அஞ்சு நிமிஷ வேலை சொல்றதை எந்த லேபிளும் சொல்லாது.

கொழுத்த மீனால நமக்கு என்ன நஷ்டம், எடைதானேன்னு நினைக்கலாம். வெட்டி எடுக்கிறப்ப அந்த எடை குப்பைக்குத்தான் போகுது. துண்டு போடற கம்பெனிக்காரங்க வெட்டினதுக்கு அப்புறம் நிக்கிற சதையைத்தான் பாக்கறாங்க. குழம்புல எண்ணெய் மிதந்துச்சுன்னா வீட்டுக்காரங்க அடுத்த தடவை அந்தக் கடைப்பக்கம் வரமாட்டாங்க. சதை மஞ்சளா இருந்தா துண்டு மீனுக்கு விலை குறையும். மக்காச்சோளத்துல இருக்கிற மஞ்சள் நிறமி சதையில ஏறும். கம்பெனிக்குக் கொடுக்கிற எண்ணம் இருந்தா கடைசி ரெண்டு மாசம் மக்காச்சோளத்தைக் குறைச்சுட்டு உடைச்ச அரிசிக் குருணைக்கு மாறு. உள்ளூர் சந்தைக்குத்தான்னா இதுக்கு அலட்டிக்க வேண்டாம்.

விலைக் கணக்கு

மூட்டை விலையைப் பாத்து முடிவு பண்ணாதே. ஒரு கிலோ மீன் ஏத்த எத்தனை கிலோ தீவனம் போச்சு, அதை விலையால பெருக்கு. பேச்சுக்கு, கிலோ 40 ரூபாய் தீவனம் 1.9 கிலோ போச்சுன்னா 76 ரூபாய். 46 ரூபாய் தீவனம் 1.55 போச்சுன்னா 71 ரூபாய் சொச்சம். ஆறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினது கடைசியில மலிவு. சில குட்டையில இது தலைகீழாவும் வரும். 32 போட்டு எஃப்சிஆர் அப்படியே நின்னுச்சுன்னா, கூடக் கொடுத்த காசு அத்தனையும் எரிஞ்சு அம்மோனியாவாப் போயிருக்கு, 28-க்கு இறங்கிடு.

புதுத் தீவனம் மாத்தறதா இருந்தா ஒரே நாள்ல மாத்தாதே. ஒரு வாரத்துல கால் பங்கு, அரைப் பங்குன்னு கலந்து கொண்டு வா. ரெண்டு குட்டை இருந்தா ஒண்ணுல மட்டும் மாத்திட்டு ரெண்டு சாம்பிளிங் பாத்துட்டு அப்புறம் மத்ததுக்குப் போ. மூட்டையைச் சுவத்துல ஒட்டி அடுக்காதே, கீழ மரச்சட்டம் போடு, பழசை முதல்ல எடு. பிடிக்கிறதுக்கு ஒரு நாள் முன்னாடி தீவனத்தை நிறுத்திடு, வயிறு காலியா இருந்தா வண்டியில தண்ணி கெடாது. வியாபாரி எடைக்காக "இன்னைக்குக் காலையிலயும் போடுங்க"ன்னு சொன்னா கேக்காத. வழியில மீன் செத்தா அவரே வந்து உன்கிட்டதான் விலையைக் குறைப்பார்.